காலி ஜீப்

நம் வயதில் பாதிப் பேருக்குக் கண் அறுவை முடிந்திருக்கும். எனக்கு இரண்டு மாதத்துக்கு முன் முடிந்தது. காலை ஏழு மணிக்குப் போனேன். பதினொரு மணிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் வந்தேன். வழியில் நான்கு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, இப்பல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் கை பிடித்துக்கொண்டது.

எழுபதுகளின் பிற்பாதியில் இந்த அறுவைக்கு எட்டு நாள் படுத்துக் கிடக்க வேண்டும். உங்களில் சிலர் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு அந்த வார்டுகளில் இருந்திருப்பீர்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு காதுப் பக்கமும் சின்ன மணல் மூட்டை வைப்பார்கள். டெட்டால் வாடையும் அடுத்த படுக்கைக்காரர்களின் ஆரஞ்சுத் தோல் வாடையும் கலந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் படுத்தது அம்மா. அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. எனக்குப் பதினொன்று.

ஆனால் அதற்கு முன் ஜீப்பைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் எழுமலைக்கும் பேரையூருக்கும் நடுவில், தார் ரோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருந்தது. கரிசல் காடு, பருத்தி வெள்ளாமை. மழை பெய்தால் மாட்டு வண்டிகள் அரை முழம் ஆழத்துக்குத் தடம் போட்டுவிடும். வெயில் அடித்தால் அந்தத் தடம் அப்படியே கல்லாகிவிடும். ராணுவம் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து அப்பா வாங்கியிருந்தார். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகைகள். பருத்திப் பொதி ஏறும், பொதியின் மேல் ஆள் ஏறும். ஊரில் வேறு மோட்டார் வண்டி கிடையாது. யார் கை காட்டினாலும் அப்பா நிறுத்துவார். அது அவருக்குப் பெருமை.

பாரம் ஏறி ஏறி ஜீப்பின் பின்பக்கம் தணிந்துவிட்டது. சக்கரங்கள் தடத்துக்குள் இறங்கும்போது, நடுவில் இருக்கும் மண் மேடு அச்சின் வயிற்றை உரசியது. உள்ளே உட்கார்ந்திருந்தால் காலுக்கடியில் யாரோ அம்மியை இழுப்பது போலக் கேட்கும். அந்த மாசி மாதம், பருத்தி எடுப்பு மும்முரத்தில், பின்பக்கத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையை மாற்றுவது என்று அப்பா முடிவு செய்தார். மதுரைக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்பதைவிட அம்மா அனுப்பினாள் என்பதுதான் சரி. நான் கூட இருந்தால் அவர் சினிமாவுக்குப் போகாமல் நேராக வீடு திரும்புவார் என்பது அவள் நம்பிக்கை.

பட்டறை மதுரைக்குத் தெற்கே, மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. நடத்தியவரை எல்லோரும் பாய் என்றார்கள். ஜீப்பின் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கி, பட்டைக் கட்டை அவிழ்த்துத் தரையில் பரப்பினார். உங்களில் வண்டியோடு பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமானதிலிருந்து குட்டையானது வரை, வில் போல வளைத்த இரும்புப் பட்டைகள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் ஒரே போல்ட்டால் பிணைத்திருக்கும். வண்டியின் எடை முழுக்க அந்த வில்லில்தான் உட்கார்ந்திருக்கும்.

"எம்புட்டு இருக்கு பாய்?" என்று கேட்டார் அப்பா.

"ஒம்போது பட்டை இருக்குண்ணே. ஒண்ணு கீறிருச்சு. அத மாத்திட்டு, மத்ததுக்கு வளைவு ஏத்தித் தாரேன். போதும்."

"போதாது. பக்கத்துக்கு மூணு சேருங்க."

"மூணா? அண்ணே, இது ஜீப்பு. லாரியில்ல."

"எங்க ஊருப் பாதைக்கு வந்தா லாரியே அழுகும் பாய். நீங்க போடுங்க."

பாய் சிரிக்கவில்லை. கழித்துப் போட்ட வேன் ஒன்றின் பட்டைகளைக் காலால் புரட்டினார். ஜீப்பின் பட்டையைவிட அவை கனமானவை. "போடலாம். ஆனா காலியா ஓட்டுனா உதைக்கும், கழுத மாதிரி. முதுகுல எப்பவும் எதாச்சும் இருக்கணும். பாரம் இருந்தாத்தான் இந்தப் பட்டை வளைஞ்சு குடுக்கும்."

"என் வண்டி என்னைக்குப் பாய் காலியா ஓடிருக்கு?"

அது உண்மைதான். பாய் வேலையைத் தொடங்கினார்.

சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு வளைவு வரைந்தார். உலையில் பழுத்த பட்டையைக் குறட்டால் எடுத்துப் பட்டடைக் கல்லில் வைத்து அடிப்பதும், அந்தச் சாக்கட்டிக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பதும், மறுபடி அடிப்பதுமாக இருந்தார். கோட்டோடு பொருந்தியதும் கறுப்பு எண்ணெயில் முக்கினார். அந்தப் புகை என் பாவாடையில் இரண்டு துவைப்பு வரைக்கும் இருந்தது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டையும் வைத்தார். ஜீப் நான்கு விரல் உயர்ந்தது.

பட்டறையிலிருந்து உரக்கடை வரை காலியாக வந்தோம். அந்தக் கொஞ்ச தூரத்தில் நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாயில் ரத்தம் கரித்தது. உரக்கடையில் எட்டு மூட்டை ஏற்றியதும் வண்டி அடங்கிவிட்டது. ஊர் வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தேன்.

ஊரில் ஜீப் காலியாக நின்றால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. என் சித்தப்பா, அப்பாவின் தம்பி, எதையும் கேலி பேசாமல் விடமாட்டார். "என்னண்ணே, வண்டி நம்மளப் பாத்து விழுந்து கும்பிடுது?" என்றார். "பொதிய ஏத்து, எந்திரிக்கும்" என்றார் அப்பா. பத்துப் பொதி ஏற்றினார்கள். வண்டி சமமாக நின்றது. அச்சு எதிலும் உரசவில்லை. அந்தப் பருவம் முழுக்க அப்பா சந்தோஷமாக இருந்தார்.

சித்திரையில் பருத்திமார் பிடுங்கினார்கள். காய்ந்த செடி வேரோடு வரும்போது விசிறி அடிக்கும். எல்லோருக்கும் கையிலும் முகத்திலும் கீறும். அம்மாவுக்கு வலது கண்ணில் அடித்தது.

அவளுடைய இடது கண் சின்ன வயதில் அம்மை போட்டதில் பூ விழுந்த கண். ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. அதனால் அவளுக்கு இருந்தது ஒரு கண்தான். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், முதல் பத்து நாள் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி அந்தக் கண்ணில் விட்டார்கள். பிறகு எழுமலையில் ஒரு மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். ஆனி மாதம் அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். ஆடியில், என் தலையை வாரும்போது வகிடு கோணலாகப் போனது. நான் கத்தினேன். "புகையா இருக்கு பாப்பா" என்றாள். அப்போதுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அடிபட்டதில் கண்ணுக்குள் புரை விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டால் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஆவணியில் அறுவை நடந்தது. எட்டு நாள் மணல் மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தாள். கடைசி நாள் கட்டை அவிழ்த்து டாக்டர் விரல்களைக் காட்டினார். "மூணு" என்றாள். "இப்ப?" "அஞ்சு. மோதிரம் போட்டிருக்கீங்க." டாக்டர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. குனியக் கூடாது. இருமக் கூடாது. அழக் கூடாது. அதிகம் பேசக் கூடாது. தலை அலுங்கவே கூடாது. தையல் பிடிக்க இன்னும் நாளாகும். "மதுரையில சொந்தக்காரங்க இருந்தா ஒரு வாரம் தங்கிட்டுப் போங்க. பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிராதீங்க" என்றார்.

"பஸ்ஸு எதுக்கு சார்? சொந்த ஜீப்பு இருக்கு" என்றார் அப்பா.

அழைத்து வர ஊரிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். சித்தப்பா, அப்பாவின் தங்கையான அத்தை, அக்கம்பக்கத்தார் ஐந்து பேர். அவ்வளவு பேர் போகாவிட்டால் அது மரியாதையாக இருக்காது. ஜீப்பின் முன் சீட்டு ஒன்றைக் கழற்றிவிட்டு, முன்னிருந்து பின் வரைக்கும் நீளமாக மெத்தை விரித்திருந்தார்கள். முன்னால் என்ஜின் சூடு அடிக்கும் என்று அம்மாவின் தலையைப் பின்பக்கம் வைத்தார்கள். நான் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் தலையை மடியில் ஏந்தி, இரண்டு உள்ளங்கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மணல் மூட்டைக்குப் பதில் நான். பலகைகளில் ஆட்கள் காலை மடக்கி நெருக்கிக்கொண்டார்கள். ஒரு மூட்டை பருத்திக்கொட்டையும் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

உசிலம்பட்டி தாண்டி எழுமலை ரோட்டில் குழிகள் இருந்தன. எதுவும் தெரியவில்லை. "தொட்டி கணக்கா இருக்கு" என்று அம்மா முணுமுணுத்தாள். தொட்டி என்றால் எங்கள் பக்கம் தொட்டில். "பேசாத மதினி" என்று அத்தை அதட்டினாள்.

மண் பாதை பிரியும் இடத்தில் சித்தப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எல்லாரும் இறங்குங்கப்பா. இனிமேத்தான் மேடு பள்ளம். மதினி தாராளமாப் படுத்து வரட்டும். பாரமில்லாம வண்டி பதமாப் போகட்டும்."

ஒருவர் கூட மறுக்கவில்லை. வெயில் உச்சியில் இருந்தது, ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். "நான் ஒருத்தி இறங்குனாலே முக்காவண்டி காலிதான்" என்று அத்தை தன் உடம்பைத் தானே கேலி செய்துகொண்டு இறங்கினாள். பருத்திக்கொட்டை மூட்டையைக்கூட விடவில்லை. "இது என்னத்துக்கு வீண் பாரம்" என்று சித்தப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. உறவுக்காரர்கள் தனக்கு இப்படி நிற்கிறார்களே என்று அவர் அதன் பிறகும் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியில் மூன்று பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான்.

ஆடிக் கடைசியில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. தடங்கள் காய்ந்து இறுகிக் கிடந்தன. அப்பா முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். முதல் தடத்தில் இறங்கி ஏறியபோது பின்பக்கம் எங்களைத் தூக்கி எறிந்தது. அம்மாவின் தலை என் உள்ளங்கையைவிட்டு மேலே போய்த் திரும்ப விழுந்தது. அடுத்ததில் என்னையும் சேர்த்துத் தூக்கியது. பலகையில் என் முழங்கை இடித்தது. நான் தலையை விடவில்லை. எத்தனை உதை என்று எண்ணியதாகப் பிற்காலத்தில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். எண்ணவில்லை.

பாதி வழியில் ஓர் ஓடை. அதில் இறங்கி ஏறியதும் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏங்க. நிப்பாட்டுங்க. அவுக வரட்டும். ஏத்திக்கிருங்க."

"என்ன?"

"ஆளு இருக்கையில அலுங்கல. அவுக வரட்டுங்க."

"பேசக்கூடாதுன்னு டாக்டரு அம்புட்டுச் சொல்லிருக்காரு. வாய மூடிட்டுப் படு. இந்தா வந்துருச்சு."

நான் பின்னால் பார்த்தேன். பாதையில் அவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். சித்தப்பாவின் தோளில் மூட்டை இருந்தது. அம்மா கையை நீட்டி ஜீப்பின் தகரத்தில் இரண்டு முறை தட்டினாள். வலி தாங்காமல் தட்டுகிறாள் என்று அப்பா நினைத்தார். சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்று இரண்டாம் கியருக்கு மாற்றினார்.

பட்டறையில் பாய் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். உரக்கடை வரைக்கும் காலியாக வந்து நாக்கைக் கடித்தவளும் நான்தான். எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

சாயங்காலம் அம்மா வாந்தி எடுத்தாள். கட்டுக்குள் கண் விண் விண் என்று தெறிப்பதாகச் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் மதுரைக்குக் கிளம்பினோம். பதற்றத்தில் யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை, பத்துப் பேர் ஏறிக்கொண்டார்கள். அதே பாதை, அதே ஓடை. வண்டி அலுங்காமல் போனது.

தையல் விட்டுப்போய் உள்ளே ரத்தம் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "எதுல கூட்டிட்டுப் போனீங்க?"

"ஜீப்புலதான் சார். ஒரு ஆள ஏத்தலையே. தனியாப் படுக்க வச்சு, ஆமை மாதிரி ஓட்டிட்டுப் போனேன்."

மறுபடியும் பதினைந்து நாள் வைத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வாள். விரல்களைச் சொல்லவில்லை.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அத்தை அதைக் கண்டுபிடித்தாள். "வழியில பேசிட்டா. வாயத் தெறக்காத, தெறக்காதன்னு அம்புட்டுச் சொல்லியும் பேசிட்டா." அவள் அதை அழுதுகொண்டுதான் சொன்னாள். விசாரிக்க வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அம்மா பேசியது உண்மை. அப்பாவே அதை அத்தையிடம் சொல்லியிருந்தார். என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை.

மார்கழியில், வழக்கம்போல மதுரைக்குப் போகிற ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, கடைசி முறையாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இனிமேல் வர வேண்டியதில்லை என்றார்கள். அன்றைக்கு ஜீப்பின் பின்பக்கத்தில் ஏதோ டக் டக் என்று அடித்துக்கொண்டே வந்ததால், திரும்பும்போது அப்பா பட்டறைக்கு விட்டார். அம்மாவைக் கை பிடித்து இறக்கி ஒரு முக்காலியில் உட்கார வைத்தேன். பாய் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"செண்டர் போல்ட்டு அறுந்திருக்குண்ணே. காலியா மேடு பள்ளத்துல ஓட்டுனீங்களா?"

"இல்லையே. ஒரே ஒரு தடவதான்."

"நான் அன்னைக்கே சொன்னேனே. அப்படி என்ன அவசரம்?"

"அவசரமில்ல பாய். ஒடம்புக்கு முடியாத ஆளு. அலுங்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் இறக்கி விட்டுட்டு..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். கை அந்தரத்தில் நின்றது. பாய் அவரைப் பார்த்தார். பிறகு முக்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். "யா அல்லா" என்றார், தனக்குள் சொல்வது போல. உலையில் ஊதிக்கொண்டிருந்த ஆளிடம் டீ வாங்கி வரச் சொன்னார்.

அம்மாவின் முகம் பேச்சு வந்த பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்கும் டீ கொடுத்தார்கள். அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்தாள்.

"புதுசாச் சேத்த பட்டையெல்லாம் கழட்டிருங்க பாய்" என்றார் அப்பா. "பொதி ஏத்த வேணாமா?" "வேணாம்."

திரும்பி வரும்போது மூன்று பேர்தான் இருந்தோம். மண் பாதையிலும் வண்டி மெத்தென்று போனது. ஓடையில் இறங்கியதும் அம்மா கேட்டாள்.

"ஓடையா?"

"ஆமா."

"இங்க வச்சுத்தான் சொன்னேன்."

ஓடையைத் தாண்டிக் கரையேறிய பிறகு அப்பா, "ஆமா. சொன்ன" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா பிறந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் விசாரிக்க வந்தார். அவருக்கு விஷயம் பாதிதான் தெரியும். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "நல்லாத்தானே தெரிஞ்சுச்சுன்னாங்க, எப்படித்தா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். அப்பா கதவுப் பக்கம் நின்றிருந்தார். வழக்கமாகப் பதில் சொல்லும் அத்தை அடுப்படியில் இருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"அது வந்து..." என்றார்.

அம்மா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"வழியில பேசிட்டேன்" என்றாள்.